பதினோராம் கட்டிலில் ஒரு விரதம்

என் கீழ்த்தாடை இரண்டு இடங்களில் உடைந்தது. ஒன்று முன்பக்கம், வலது கோரைப்பல்லுக்குக் கீழே. மற்றொன்று காதுக்கு முன்னால், தாடை மண்டையோட்டோடு சேரும் மூட்டுக்குச் சற்றுக் கீழே. நின்றுகொண்டே ஓட்டுகிற மின்சார ஸ்கூட்டரிலிருந்து முகம் குப்புற விழுகிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாக உடைவது அடிக்கடி நடக்கிறதாம். மோவாயில் விழும் அடி அங்கேயே நிற்பதில்லை. எலும்பு வழியாக மேலே ஓடி, மெல்லிய இடமாகப் பார்த்து ஒடிக்கிறது.

அந்த ஸ்கூட்டரை வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் அடுக்குமாடி வீடு தீவில், ஆயர் ஈத்தாமில்; என் அலுவலகம் கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தால் வேர்வையில் சட்டை நனைந்துவிடும். அந்தத் தூரத்துக்காகத்தான் வாங்கினேன். அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓட்டினேன். தலைக்கவசம் வாரிய முடியைக் கலைத்துவிடும் என்று அதையும் போடவில்லை. அதன் முன்சக்கரம் என் கையகலம்தான் இருக்கும். மோட்டார் சைக்கிள் கண்டுகொள்ளாமல் போகிற பள்ளம் அதற்குக் கிணறு. பாசார் என்கிற சந்தைக்கு முன்னால் சாக்கடை மூடிக்கும் சாலைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் சக்கரம் இறங்கியது. வண்டி அங்கேயே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

முதலில் ஓடி வந்தவள் என் தங்கை விமலா. பாசாரில் காய்கறிக் கடையில் வேலை செய்கிறாள். கையில் கீரை மண்ணோடு வந்து, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து என் மோவாயிலிருந்து உச்சந்தலைவரை சுற்றிக் கட்டினாள். அப்படிக் கட்ட யார் சொல்லிக் கொடுத்தது என்று இதுவரை நான் கேட்கவில்லை. ஆம்புலன்ஸில் என் பெயர், அடையாள அட்டை எண், எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் மலாயில் தடுமாறாமல் சொன்னாள். என் அடையாள அட்டை எண் அவளுக்கு மனப்பாடம். அவளுடையது எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு பள்ளியில் காவலாளி. பேருந்து எண்ணைப் படிப்பார், கையெழுத்துப் போடுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. விமலா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். நான் மட்டும்தான் பல்கலைக்கழகம் வரை போனவள். பன்னிரண்டு வயதிலிருந்து இந்த வீட்டின் வாய் நான்தான். வீட்டுவசதி அலுவலகமோ மின்சாரக் கட்டணமோ அம்மாவின் கண் மருத்துவரோ, எங்கே போனாலும் பேசுவது நான். என்ன கடிதம் வந்தாலும் அம்மா சொல்கிற ஒரே வார்த்தை, "வாணி இருக்கா, பாத்துக்குவா." அந்த வார்த்தைக்காகவே நான் படித்தேனோ என்று சில நேரம் தோன்றும்.

இப்போது அந்த வாய் திறக்கவில்லை.

மருத்துவமனையின் முதல் நாள் முழுவதும் நடைபாதையில், சக்கரக் கட்டிலில் காத்திருந்ததுதான். முதலில் ஒரு எக்ஸ்ரே. நின்றபடி மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, பல்லால் ஒரு குச்சியைக் கடிக்க வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி வந்து, தாடை முழுவதையும் விரித்த பாயைப் போல ஒரே படத்தில் எடுக்கும். கடிக்கச் சொன்னபோது என் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கவே இல்லை. பிறகு ஸ்கேன். கீழுதடு மரத்துக் கிடந்தது. உதட்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு உடைந்த எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது, திரும்பி வரலாம், மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் மருத்துவர். வாயோரம் எச்சில் வழிந்தால் எனக்குத் தெரியாது. விமலாதான் துடைத்துவிட்டாள்.

மருத்துவர் இளைஞர், மலாய்க்காரர். என்னைப் பார்த்துத்தான் தொடங்கினார். நான் முனகியது அவருக்குப் புரியவில்லை. எனக்கே புரியவில்லை. இரண்டாவது வாக்கியத்தில் அவர் பார்வை விமலாவிடம் போனது, பிறகு திரும்பவே இல்லை. முன்பக்க முறிவுக்குத் தகடும் திருகாணியும் வைப்பார்கள். மூட்டுப் பக்கம் கத்தி வைக்காமல், மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி நான்கு வாரம் அப்படியே விடுவார்கள். இதையெல்லாம் அவளிடம் சொன்னார். அவள் கேட்டாள், "கம்பி கட்டியிருக்கும்போது வாந்தி வந்தா என்ன செய்யுறது, டாக்டர்?"

அவர் பேனாவை மூடிவிட்டு, "பெரும்பாலும் யாரும் இதைக் கேட்பதில்லை. நல்ல கேள்வி" என்றார்.

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் பாதி எழுதிவிட்டேன். இடது மணிக்கட்டிலும் கட்டு இருந்ததால் புத்தகம் நழுவியது. எடுத்து நிமிர்வதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த வார்டில் எனக்குப் பெயர் இல்லை. நான் பதினோராம் கட்டில். விமலாவுக்குப் பெயர் இருந்தது. பன்னிரண்டாம் கட்டிலின் சீன மூதாட்டியிடம் அவர் மொழியான ஹொக்கியனில் பேசித் தலையணை மாற்றுவாள். தாதிகள் அவளிடம் கீரை விலை கேட்பார்கள். மூன்று நாளில் தலைமைத் தாதியின் மகன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்பதுவரை அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் துளையிடுவதுபோல் இருந்த வலியை நான் தாங்கினேன். அம்மா நடைபாதையில் நின்று யாரிடமோ தொலைபேசியில் பேசியதுதான் தாங்கவில்லை. "பயமில்ல. விமலா இருக்கா, எல்லாம் பாத்துக்குறா" என்றார்.

அது என் வார்த்தை. என் வார்த்தையை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை, கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டையை மாட்டினார்கள். முஸ்லிம்கள் நோன்புக்குச் சொல்லும் மலாய்ச் சொல்லான 'புவாசா' எழுதியிருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது மருத்துவமனையில் அதன் பொருள். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் ஏதாவது இருந்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று தாதி விளக்கினார். மறுநாள் விடிகாலையில் விமலா பாசாருக்குப் போக வேண்டும். அவளுக்குப் பதில் அம்மா வந்து உட்காருவதாக ஏற்பாடு.

"அம்மாகிட்ட புவாசான்னு சொல்லிடுறேன்" என்று பையைத் தோளில் மாட்டினாள் விமலா.

நான் கட்டில் கம்பியில் பேனாவால் தட்டினேன். நோட்டில் எழுதினேன்: 'பெற்ற தாயிடம் ஏன் மலாயில் சொல்கிறாய்? தமிழ் இல்லையா? விரதம் என்று சொல்.'

நான் தமிழ்ப்பள்ளியில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். வீட்டில் யாராவது மலாய் கலந்து பேசினால் திருத்துவது என் பழக்கம்.

விமலா படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். "விரதமா? தண்ணிகூட குடுக்கக்கூடாதுன்னு சேத்து சொல்லட்டா?"

மருத்துவர் அவளிடம் 'நல்ல கேள்வி' என்று சொல்லியிருக்காவிட்டால், நான் சரி என்று தலையாட்டியிருப்பேன். ஆனால் எழுதினேன்: 'நான் எழுதியதை மட்டும் சொல். நீயாக எதையும் சேர்க்காதே.'

"சரிங்க டீச்சர்" என்றாள். தாளைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். சொன்னபடியே சொல்லியும் இருக்கிறாள்.

அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர், கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் இருப்பவர். அவருடைய விரதத்தில் சோறு கிடையாது, மாலைவரை எதுவும் மெல்லக்கூடாது. காலையில் ஒரு தம்ளர் பால் குடிக்கலாம். புவாசா என்று சொல்லியிருந்தால் அவருக்கு உடனே புரிந்திருக்கும். நாற்பது வருடமாக மலாய்க்கார அண்டை வீட்டாரோடு வாழ்கிறவர், புவாசா என்றால் தண்ணீர்கூட இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? நான்தான் தெரிந்த சொல்லைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தேன்.

விடிகிற நேரத்தில் அம்மா வந்தார். வலி ஊசியின் மயக்கத்தில் அரைத்தூக்கத்திலிருந்தேன். அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடெல்லாம் பெரிய ஊசிக்குழலில்தான். ஊசி இல்லாத குழல், கன்னத்தின் ஓரமாக நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஏலக்காய் வாசனையோடு வெதுவெதுப்பாக ஏதோ உள்ளே போனது. நாக்கு வறண்டு கிடந்தது. விழுங்கினேன். கண்ணைத் திறந்து என்னவென்று புரிந்து, அம்மாவின் கையைப் பிடிப்பதற்குள் குழல் இரண்டு முறை காலியாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தாதி வந்து, எதுவும் சாப்பிடவில்லையே என்று கேட்டார். நான் நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா பெருமையோடு மலாயில் பதில் சொன்னார். "புவாசா, மிஸ்ஸி. பால் மட்டும்தான்."

பால் உணவுக்குச் சமம், ஆறு மணி நேரம் போக வேண்டும். அந்த ஆறு மணி நேரத்துக்குள் என் முறை போய்விட்டது. அன்றைய பட்டியல் நிரம்பியிருந்தது. இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். முறிவு வாய்க்குள் திறந்திருப்பதால் தள்ளத் தள்ளச் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு என்பதையும் சொன்னார்கள். மருத்துவர் கோபப்படவில்லை. யார் கொடுத்தது, ஏன் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டார்.

வேலையிலிருந்து நேராக அப்பாவும் வந்துவிட்டார், விமலாவும் வந்துவிட்டாள். அம்மா கட்டிலின் காலடியில் நின்று அழுதார். "விரதம்னுதானே விமலா சொன்னா. பால் குடுக்கலாம்தானே?"

எல்லோரும் விமலாவைப் பார்த்தார்கள். விமலா என்னைப் பார்த்தாள். என் மடியில் நோட்டு இருந்தது, கையில் பேனா இருந்தது. அந்தத் தாள் அவள் பையில் இருந்தது. எடுத்துப் படித்தால் போதும்.

அவள் எடுக்கவில்லை. "நான்தான் சரியா சொல்லல" என்றாள்.

அப்பா அவளைத் திட்டவில்லை. அதைவிட மோசமாக, தணிந்த குரலில் சொன்னார்: "படிச்சவ வாயடைச்சுக் கெடக்கா. உன்ன நம்புனோம் பாரு."

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நிம்மதியாக இருந்தது. பல நாள் கழித்து, அந்த வீட்டில் என் இடம் என்னிடம் திரும்பி வந்ததுபோல் இருந்தது. நான் பேனாவைத் திறக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அறுவை சிகிச்சை நடந்தது. எழுந்தபோது பற்கள் ஒட்டிக் கிடந்தன, தாடை பூசணி மாதிரி வீங்கியிருந்தது. நாக்குக்கு வாய்க்குள் இடம் போதவில்லை. வார்டைவிட்டு அனுப்பும்போது ஒரு சிறிய கம்பி வெட்டும் குறடு கொடுத்தார்கள். மூச்சுத் திணறினால் எந்தக் கம்பிகளை, எந்த வரிசையில் வெட்ட வேண்டும் என்று தலைமைத் தாதி கண்ணாடி வைத்துக் காட்டினார். விமலாவுக்குத்தான் காட்டினார். என் வாய், என் கம்பி. ஆனால் பாடம் அவளுக்கு. அன்றிலிருந்து அந்தக் குறடு ஒரு கயிற்றில் அவள் கழுத்தில் தொங்கியது. குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

கிளம்பும் நேரத்தில் தலைமைத் தாதி அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி, ஆறு மாதம். மூன்றாம் படிவம்வரை படித்திருந்தால் போதும், விண்ணப்பத்தை மாத இறுதிக்குள் கொடுத்துவிட வேண்டும். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அன்னிக்கு நீ தப்ப ஒத்துக்கிட்ட பாத்தியா, அதுக்குத்தான் இது. மறைக்கிற ஆளுங்களாலதான் வார்டுல உயிர் போகும்."

சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தப்பு என்னுடையது. அதற்கான பரிசு அவளுக்கு. இப்படி ஒரு பொறாமை உலகத்தில் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வீட்டில் அப்பா படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "ஒரு சேதிய ஒழுங்கா சொல்லத் தெரியல. நோயாளிய பாக்கப் போறியா? நாளைக்கு யாராச்சும் செத்துப்போனா? வேணாம்லா." விமலாவுக்கு இருபத்திரண்டு வயது, அவளே கையெழுத்துப் போடலாம். ஆனால் எங்கள் வீட்டில் அப்பா வேண்டாம் என்ற பிறகு யாரும் எதுவும் செய்வதில்லை. அவள் படிவத்தை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்தாள். அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது, அவர் கேட்டதற்கெல்லாம் "அக்காவக் கேளுங்க" என்றாள். நான் எழுதிக் காட்டினேன். நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் மருத்துவர் என் எழுத்தைப் படித்து முடிக்கும்வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு பிற்பகல், கோழி சூப்பை நானே அவசரமாக உறிஞ்சினேன். புரையேறியது. பின்னாலேயே வாந்தி வந்தது. வாய் பூட்டியிருக்கும்போது வாந்தி வருவதை எப்படிச் சொல்வது? வெளியே போக வழியில்லாமல் மூக்கில் ஏறுகிறது. அம்மா அலறினார். விமலா ஒரு கையால் என் முதுகைப் பிடித்து முன்னால் குனிய வைத்து, மறு கையால் குறட்டைக் கம்பியில் வைத்தாள். வெட்டவில்லை. "மூக்கால விடு. பல்லு சந்துல தானா வந்துரும். விடு, விடு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." குறட்டின் குளிர் உதட்டின் உணர்வுள்ள பாதியில் பட்டது. வந்தது எல்லாம் பற்களின் இடுக்கில் வழிந்து போனது. மூச்சு திரும்பியது. வெட்டியிருந்தால் மறுபடி மருத்துவமனைக்குப் போய், மறுபடி கட்ட வேண்டியிருந்திருக்கும். வெட்ட வேண்டிய நேரம் எது, வேண்டாத நேரம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை பட்டம் வாங்கிய எனக்குத் தெரிந்திருக்காது.

அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் நோட்டை எடுத்தேன். படிவம் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. எழுதினேன்: 'அப்பா, விரதம் என்று சொல்லச் சொன்னது நான். தண்ணீர்கூடக் கூடாது என்று சேர்த்துச் சொல்லட்டுமா என்று விமலா கேட்டாள். வேண்டாம் என்றேன். தப்பு அவளுடையது இல்லை. அவளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.'

மாலையில் அப்பா வந்ததும் தாளை நீட்டினேன். பிறகுதான் உறைத்தது. அப்பாவுக்குப் படிக்க வராது. அம்மாவுக்கும் வராது. அந்த வீட்டில் என் எழுத்தைப் படிக்கக்கூடியவள் ஒருத்திதான்.

அப்பா தாளை அவளிடம் கொடுத்தார். "என்ன எழுதியிருக்கா, படி."

விமலா மௌனமாக ஒருமுறை படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "அப்பா, விமலா என்னை நல்லா பாத்துக்கிட்டா. ஒரு தடவ தப்பு பண்ணிட்டா, இனிமே பண்ணமாட்டா. அவளப் பயிற்சிக்கு அனுப்புங்க."

நான் மேசையை அடித்தேன். இல்லை என்று தலையை ஆட்டினேன். தாளைக் காட்டிக் காட்டிப் பல்லுக்குள்ளேயே கத்தினேன். வெளியே வந்தது வெறும் முனகலும் எச்சிலும்தான்.

அப்பா என் தலையைத் தடவினார். "சரிம்மா, சரி. பதறாத. நீயே இவ்வளவு சொல்றப்ப நான் வேணாம்னா சொல்லப் போறேன்? போகட்டும்." விமலா தாளை நான்காக மடித்தாள். அந்தப் பழைய தாளோடு இதுவும் அவள் பைக்குள் போனது. என் வாயை அவள் எடுத்துக்கொண்டு, நான் பேசியிருந்தால் பேசியிருப்பதைவிடச் சுருக்கமாகப் பேசி, காரியத்தையும் முடித்துவிட்டாள்.

நான்கு வாரம் முடிந்து கம்பியை எடுத்தார்கள். வாய் இரண்டு விரல் அகலம்தான் திறந்தது. தினமும் வாயைத் திறந்து மூடும் பயிற்சி செய்யச் சொன்னார்கள். உதட்டின் ஒரு பாதியில் இன்னும் எறும்பு ஊர்கிறது, அது நரம்பு திரும்பி வருவதன் அடையாளமாம். இதைப் படிக்கிற யாராவது அந்த மாதிரி ஸ்கூட்டர் வைத்திருந்தால், மோவாயையும் மூடுகிற தலைக்கவசம் போடுங்கள். சாதாரணத் தலைக்கவசம் மண்டையைத்தான் காக்கும், தாடையைக் காக்காது.

கம்பி எடுத்த அன்று மாலை அம்மாவும் அப்பாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசுவதைக் கேட்க அம்மா தொலைக்காட்சியை நிறுத்தினார். தெளிவில்லாத குரலில், சொல் சொல்லாக, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரதம், சேர்க்காதே, என் தப்பு.

அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாத்தியா? வாய் தொறந்ததும் தங்கச்சிய விட்டுக்குடுக்காம பேசுறா. படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்."

"இல்லப்பா, நெசமாவே—"

"சரிம்மா, தெரியும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். விமலா பயிற்சிக்கான வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஏன் இப்படிச் செய்தாய், அந்தத் தாளைக் கொடு, நான் படித்துக் காட்டுகிறேன் என்று கேட்டேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நாலு வாரம் கம்பி போட்டும் அடங்கலயா? வாய மூடுக்கா."

மூடிக்கொண்டேன். இப்போது தினமும் காலையில் அந்தச் சட்டையோடு அவள் எனக்கு முன்னால் பேருந்து ஏறுகிறாள். அவள் முதுகைப் பார்க்கும்போது இன்னும் எரிகிறது. அம்மாவும் அப்பாவும் இதைப் படிக்க மாட்டார்கள். படிக்கத் தெரிந்த மற்றவர்களுக்காவது தெரியட்டும் என்று எழுதிவிட்டேன். விரதம் என்று சொல்லச் சொன்னவள் நான்.